வேலூருக்கு வந்த வேதியியலாளர்

நுழையுமுன்

அல்சூரில் வாழும் நம் குடும்பங்களுள் பலவற்றுக்கு வேலூர் புதிய ஊரன்று. கண்டோன்மெண்ட் நிலையத்தில் தொடர்வண்டி ஏறினால் சில மணி நேரத்தில் காட்பாடியில் இறங்கிவிடலாம். அந்நடைமேடையில் தமிழோடு வங்காளமும் இந்தியும் கலந்து ஒலிப்பதைக் கேட்டிருப்பீர்கள். கிழக்கு இந்தியாவிலிருந்து கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை நாடி வருவோர் அவ்வளவு பேர். மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் கடைப் பலகைகள் வங்க எழுத்தில் தொங்குவதும், மீன் குழம்பு மணப்பதும் இன்று வேலூரின் இயல்பாகிவிட்டன.

கொல்கத்தாவிலிருந்து வேலூருக்கு வந்த ஒருவரின் வரலாறே இப்பாடம். அவர் நோயாளியாக வரவில்லை. நோயின் வேரைத் தேட வந்தார். வந்தவர் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அங்கேயே தங்கினார்.

பாடம்

பிமல் குமார் பச்சாவத் 1925ஆம் ஆண்டு ஆகஸ்டு 16ஆம் நாள் கொல்கத்தாவில் பிறந்தார். கொல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் கற்றார். பின்னர்க் கடல் கடந்து அமெரிக்கா சென்று, இல்லினாய் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். அதன்பின் மைனர் கூன் என்னும் உயிர்வேதியியல் அறிஞரின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். அங்கே அவர் கண்டறிந்த நொதி ஒன்று அறிவியல் உலகுக்கு அவரை அடையாளங் காட்டியது.

நொதி என்றால் என்ன என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். இரவில் கரைத்து வைத்த இட்லி மாவு காலையில் பொங்கி நுரைத்து நிற்கிறதே, அது நொதித்தல். அச்சொல்லிலிருந்து பிறந்த கலைச்சொல்தான் நொதி. உடலில் ஒரு பொருளை வேறொரு பொருளாக மாற்றும் வேலையை விரைவுபடுத்தும் புரதம் அது. ஒரு நொதிக்குப் பெரும்பாலும் ஒரு வேலை மட்டுமே தெரியும். உங்களுள் சிலருடைய தாய்மார் ஆயத்த ஆடை நிறுவனங்களில் வேலை செய்பவர்கள். அவர்களைக் கேட்டால் இதை என்னைவிட நன்றாக விளக்குவார்கள். ஒருவர் துணியை வெட்டுவார். ஒருவர் கழுத்துப்பட்டையைத் தைப்பார். ஒருவர் காஜா எடுப்பார். ஒருவர் பொத்தான் வைப்பார். காஜா எடுப்பவர் ஒரு நாள் வரவில்லையென்றால் என்ன ஆகும்? அவருக்கு முன்னால் சட்டைகள் குவிந்துகொண்டே போகும். அவருக்குப் பின்னால் இருப்பவர் வேலையின்றிக் காத்திருப்பார். உடலில் ஒரு நொதி இல்லாமற்போனாலும் இவ்விரண்டும் நிகழும். ஒரு பொருள் தேங்கும். ஒரு பொருள் கிடைக்காமற்போகும்.

நாம் நெடுநேரம் உண்ணாதிருக்கும்போது உடல் தன் சேமிப்பிலுள்ள கொழுப்பை எடுத்துச் செலவிடுகிறது. கல்லீரல் அக்கொழுப்பைச் சிதைத்து, மூளையும் தசையும் எரிபொருளாகக் கொள்ளத்தக்க கீட்டோன் பொருள்களாக மாற்றித் தருகிறது. இம்மாற்றத்தின் வழியில் எச்.எம்.ஜி. கோ-ஏ என்னும் பொருள் உருவாகிறது. அதன் முழுப்பெயர் இப்பக்கத்தில் ஒரு வரியை அடைத்துக்கொள்ளும்; ஆகவே சுருக்கப்பெயரே நமக்குப் போதும். அப்பொருளை இரண்டாகப் பிளக்கும் நொதியைப் பச்சாவத்தும் ராபின்சன், கூன் ஆகியோரும் 1955ஆம் ஆண்டில் விளக்கி எழுதினர். எச்.எம்.ஜி. கோ-ஏ லையேஸ் என்பது அந்நொதியின் இன்றைய பெயர். அதே எச்.எம்.ஜி. கோ-ஏ மீது வேலை செய்யும் மற்றொரு நொதியைத் தடுப்பதற்காகவே உங்கள் வீட்டுத் தாத்தா கொலஸ்டிரால் மாத்திரை உண்கிறார் என்பது இடையில் தெரிந்துகொள்ளத்தக்க செய்தி.

நொதி கண்டறியப்பட்டு இருபது ஆண்டுகள் கடந்த பிறகு, 1976இல், அந்நொதி இல்லாமற்பிறந்த குழந்தையைப் பற்றிய செய்தி மருத்துவ ஏடுகளில் வெளிவந்தது. இத்தகைய குழந்தைகள் பிறக்கும்போது நலமாகவே இருப்பர். காய்ச்சலோ வாந்தியோ வந்து உணவு நின்றுவிட்டால், இரத்தத்தில் சர்க்கரை குறையும்; அதற்கு ஈடாக வரவேண்டிய கீட்டோனும் வாராது. குழந்தை சோர்ந்து மயங்கும். உயிருக்கே ஆபத்து நேரலாம். ஆயினும் நோய் இன்னதென்று தெரிந்துவிட்டால், நெடுநேரம் பட்டினி விடாமலும் உணவில் சில கட்டுப்பாடுகளோடும் அக்குழந்தையை வளர்த்துவிட முடியும். 1955இல் நொதியை ஆராய்ந்தபோது இந்நோய் அவர்கள் கண்முன் இல்லை. அவர்கள் தேடியது கொழுப்பும் புரதமும் உடலில் சிதையும் வழியை மட்டுமே.

பச்சாவத் தாயகம் திரும்பினார். அக்காலத்தில் வேலூர் சிறிய ஊர். கோட்டையும் அகழியும் வெயிலும் அதன் அடையாளங்கள். ஆனால் அங்கே மருத்துவர் ஜேக்கப் சாண்டி இருந்தார். இந்தியாவின் முதல் நரம்பு அறுவை மருத்துவத் துறையை 1949ஆம் ஆண்டில் வேலூரில் தொடங்கியவர் அவர். மூளையை அறுத்துச் சரிசெய்வதோடு நில்லாமல், மூளை எப்பொருளால் ஆனது, அப்பொருள் ஏன் கெடுகிறது என்பவற்றையும் அதே வளாகத்தில் ஆராயவேண்டும் என்பது அவர் எண்ணம். அதற்காக அமைந்த நரம்பு வேதியியல் ஆய்வுக்கூடத்தைப் பச்சாவத் கட்டியெழுப்பினார். அவர் மருத்துவரல்லர், வேதியியலாளர். நோயாளியின் படுக்கைக்கும் சோதனைக்குழாய்க்கும் இடையே சில நடைதூரமே இருந்த இடம் அது. இந்தியாவில் அந்நாளில் அத்தகைய இடங்கள் மிகச் சில.

அவ்வூரின் தெருமொழி அவர் பிறந்த ஊரின் மொழியன்று. பணியின் பொருட்டு மாநிலம் விட்டு மாநிலம் வந்து வாழும் நம்மைப் போன்றோர்க்கு இது பெரிய செய்தியாகத் தோன்றாது. அவர் வந்த திசையும் நாம் வந்த திசையும்தான் வேறு. அவருடைய ஆய்வுக்கூடத்தில் சேர்ந்த இளைஞர்களின் பெயர்களைப் பாருங்கள்: பாலசுப்பிரமணியன், பட்டாபிராமன், சரசுவதி, பாசு. நம் வகுப்பு வருகைப் பதிவேட்டில் இருக்கக்கூடிய பெயர்கள்! இப்பெயர்கள் பச்சாவத்தின் பெயரோடு சேர்ந்து 1963ஆம் ஆண்டில் ஓர் ஆய்வுக்கட்டுரையின் தலைப்பில் அச்சேறின. அக்கட்டுரையின் கதையே இப்பாடத்தின் நடுப்பகுதி.

ஒரு குழந்தையை எண்ணிப் பாருங்கள். உரிய காலத்தில் தவழ்ந்தது, நின்றது, ஓராண்டு கடந்ததும் தளிர்நடை நடந்தது, அம்மா, தாத்தா என்று பேசியது. இரண்டு வயதை நெருங்கும்போது அடிக்கடி இடறி விழத் தொடங்குகிறது. சில மாதங்களில் நடை நின்றுபோகிறது. பிறகு பேச்சு மறைகிறது. விழுங்குவதும் கடினமாகிறது. கற்றவற்றை ஒவ்வொன்றாக இழந்துகொண்டே வரும் அக்குழந்தை பெரும்பாலும் சில ஆண்டுகளில் இறந்துவிடுகிறது. கண்ணேறு என்பர் சிலர்; செய்வினை என்பர் சிலர். மருமகள் கருவுற்றிருந்தபோது ஏதோ தகாததை உண்டாள் என்று மாமியார் முணுமுணுப்பார். கயிறு கட்டுவார்கள், கோயிலுக்கு நேர்ந்துகொள்வார்கள். அடுத்த குழந்தைக்கும் அதே நடக்கும்போது அந்தத் தாயின் நிலையைச் சொற்களால் எழுதுவது எளிதன்று.

இந்நோயைக் குறித்து ஜெர்மானிய மருத்துவர் சோல்ஸ் விரிவாக எழுதியது 1925இல். பச்சாவத் பிறந்த அதே ஆண்டில். மெட்டாகுரோமாட்டிக் லூக்கோடிஸ்ட்ரோபி என்பது நோயின் பெயர். கிரேக்கச் சொற்களால் ஆன நெடும்பெயர். அஞ்ச வேண்டா, பிரித்தால் எளிதே. குரோமா என்றால் நிறம். லூக்கோ என்றால் வெண்மை. டிஸ்ட்ரோபி என்றால் ஊட்டங்குன்றிச் சிதைதல். மூளையின் வெண்பகுதி சிதைகிறது. அப்பகுதியைச் சாயத்தில் இட்டுப் பார்த்தால் சாயம் தன் நிறத்தை மாற்றிக் காட்டுகிறது. ஊதாச் சாயம் பழுப்பாகத் தெரியும். சாயத்தின் நிறத்தை மாற்றும் ஏதோவொரு பொருள் அங்கே குவிந்திருக்கிறது என்று இதனால் அறிந்தனர்.

குவிந்திருப்பது என்ன? மின்கம்பியின்மேல் நெகிழி உறை இருப்பதுபோல நரம்பிழைகளின்மேல் மையலின் என்னும் உறை உண்டு. அதில் பெரும்பகுதி கொழுப்புப் பொருள்களே. அவற்றுள் கந்தகம் சேர்ந்த ஒன்றின் பெயர் சல்பாடைடு. வெண்பகுதியில் குவிந்து கிடப்பது இந்தச் சல்பாடைடுதான் என்பது 1950களின் இறுதியில் தெளிவாயிற்று. ஆனால் ஏன் குவிகிறது? உடல் அதை அளவுக்கு மீறி உண்டாக்குகிறதா, அல்லது உண்டாக்கியதை நீக்க முடியாமல் தவிக்கிறதா? குப்பை மிகுந்த தெருவைக் கண்டால் நாமும் இதே வினாவைத்தான் கேட்கவேண்டும். மக்கள் அதிகமாகக் கொட்டுகிறார்களா, குப்பை வண்டி வரவில்லையா?

வேலூர் ஆய்வுக்கூடம் இவ்வினாவுக்கு ஏற்ற இடமாக இருந்தது. மூளையில் கொழுப்புப் பொருளோடு சல்பேட்டு எவ்வாறு இணைக்கப்படுகிறது, எவ்வாறு கழற்றப்படுகிறது என்பதைப் பச்சாவத்தும் அவர் மாணவர்களும் ஆராய்ந்துவந்தனர். இணைக்கும் நொதிகளையும் கழற்றும் நொதிகளையும் அளக்கும் வழி அவர்கள் கைவசம் இருந்தது. அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ஜேம்ஸ் ஆஸ்டின் இந்நோயைப் பல ஆண்டுகளாகத் தொடர்ந்து ஆராய்ந்தவர். இரு தரப்பினரும் கைகோத்தனர். நோயால் இறந்தோரின் உறுப்புகளையும் வேறு காரணத்தால் இறந்தோரின் உறுப்புகளையும் எடுத்து, பல நொதிகளை ஒன்றன்பின் ஒன்றாக ஒப்பிட்டனர்.

நொதி கண்ணுக்குத் தெரியாது; அது செய்யும் வேலையைத்தான் அளக்க முடியும். சல்பேட்டைக் கழற்றும் நொதிகளை அளக்க ஓர் அழகான வழி உண்டு. சல்பேட்டு பூட்டப்பட்ட ஒரு வேதிப்பொருளைத் திசுச் சாற்றோடு கலந்து, உடல் வெப்பத்தில் சிறிது நேரம் வைப்பார்கள். நொதி இருந்தால் சல்பேட்டு கழன்றுவிடும். பிறகு காரத்தைச் சேர்த்தால் கரைசல் சிவக்கும். சிவப்பு எவ்வளவு ஆழமோ, நொதி அவ்வளவு. சிவக்கவில்லையென்றால் நொதி இல்லை.

ஒப்பிட்டதில் மற்ற நொதிகள் இருந்தன. அரைல்சல்பட்டேஸ் ஏ என்னும் ஒன்று மட்டும் நோயுற்றோரின் திசுக்களில் மிகமிகக் குறைந்திருந்தது. உடல் சல்பாடைடை மிகுதியாக உண்டாக்கவில்லை. அதனைக் கழித்து ஒதுக்கும் ஆள்தான் வரவில்லை. அந்நொதி செல்லுக்குள் இருக்கும் லைசோசோம் என்னும் சிறு பைகளில் வேலை செய்வது. லைசோசோமே 1955இல்தான் அறியப்பட்டது என்பதை நினைத்தால் இக்கண்டுபிடிப்பின் விரைவு விளங்கும். அடுத்த இரண்டு ஆண்டுகளில் ஜெர்மானிய ஆய்வாளர்கள், சல்பாடைடிலிருந்து சல்பேட்டைக் கழற்றுவது இதே நொதிதான் என்று உறுதிசெய்தனர். மரபுவழிக் கொழுப்பு நோய்களுள் குறைபட்ட நொதி இன்னதென்று தெரியவந்த மிக முந்தைய நோய்களுள் இதுவும் ஒன்று. அதில் வேலூருக்குப் பங்கு உண்டு என்பது நம் பாடநூல்களில் வேண்டிய அளவு இடம்பெறவில்லை என்பது என் எண்ணம்.

இந்தக் கண்டுபிடிப்பால் அந்தத் தாய்க்கு என்ன பயன்? நொதியைச் செய்யும் குறிப்பு மரபணுவில் எழுதப்பட்டுள்ளது. ஒவ்வொருவரிடமும் அக்குறிப்பின் இரண்டு படிகள் உண்டு. தந்தை தந்தது ஒன்று, தாய் தந்தது ஒன்று. ஒரு படி பிழைபட்டாலும் மற்றொன்று போதும். அவர் நலமாக வாழ்வார். தம்மிடம் பிழை இருப்பதே அவருக்குத் தெரியாது. இத்தகைய இருவர் மணந்தால் ஒவ்வொரு கருவுக்கும் இரண்டு பிழைப்படிகளும் சேரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. தாயிடமிருந்து மட்டும் வருவதன்று; தந்தையிடமிருந்து மட்டும் வருவதுமன்று. உண்டதாலும் வருவதில்லை; கண்ணேற்றாலும் வருவதில்லை. முதல் குழந்தைக்கு வந்துவிட்டது, அடுத்த மூன்றும் தப்பிவிடும் என்று கணக்கிடுவோரும் உண்டு. அது தவறு. ஒவ்வொரு முறையும் பை புதிதாகக் குலுக்கப்படுகிறது.

இங்கே ஒன்றைச் சொல்லித்தான் ஆகவேண்டும். அக்காள் மகளையும் மாமன் மகளையும் மணப்பது தமிழ்க் குடும்பங்களிலும் கன்னடக் குடும்பங்களிலும் நெடுங்கால வழக்கம். இருவருக்கும் பாட்டனார் ஒருவரே என்றால், அவரிடமிருந்த ஒரு பிழைப்படி இரு வழியாகவும் இறங்கிவந்து ஒரே குழந்தையிடம் சேரும் வாய்ப்பு கூடுகிறது. அப்படி மணந்தோர் எல்லோருடைய பிள்ளைகளும் நோயுறுவதில்லை. பெரும்பாலோர் நலமாகவே இருக்கின்றனர். உங்கள் தாய்தந்தையர் அவ்வாறு மணந்தவர்களாயின் வருந்துவதற்கோ வெட்குவதற்கோ எதுவுமில்லை. வீட்டில் இத்தகைய நோய் முன்பே கண்டிருந்தால் மட்டும், திருமணத்துக்கு முன்னோ மகப்பேற்றுக்கு முன்னோ மரபியல் மருத்துவரிடம் சென்று கேட்பது நன்று.

நொதி இன்னதென்று தெரிந்தபின் உயிரோடிருக்கும் குழந்தையின் இரத்த வெள்ளணுக்களிலேயே அதை அளக்க முடிந்தது. மூளைத் திசுவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த கருவைப் பிறக்குமுன்பே சோதிக்கவும் முடிந்தது. நலமாக உள்ள சிலரிடமும் இந்நொதி குறைவாகத் தென்படுவதுண்டு. ஆதலால் மருத்துவர்கள் இரத்தச் சோதனையோடு நில்லாமல், சிறுநீரில் சல்பாடைடு உள்ளதா என்றும் மரபணுவில் பிழை உள்ளதா என்றும் பார்க்கின்றனர். அந்த மரபணு 22ஆம் குரோமோசோமில் உள்ளது.

காரணம் தெரிந்தது, மருந்து வரவில்லை. பச்சாவத் வாழ்ந்த காலத்தில் இந்நோய்க்கு முழுமையான மருத்துவம் அமையவே இல்லை. குழந்தையின் எலும்பு மச்சைக்குரிய தண்டுச்செல்களை எடுத்து, நல்ல மரபணுவைச் சேர்த்து, மீண்டும் உடலில் செலுத்தும் மருத்துவம் ஐரோப்பாவில் 2020ஆம் ஆண்டிலும் அமெரிக்காவில் 2024ஆம் ஆண்டிலும் ஒப்புதல் பெற்றது. இளங்குழந்தைகளுக்கு நோயின் அறிகுறி தோன்றுமுன்னோ முற்றுமுன்னோ அளித்தால்தான் அது பயன்தரும். 2024இல் அமெரிக்காவில் அதற்கு வைக்கப்பட்ட விலை 42 இலட்சத்து 50 ஆயிரம் டாலர். அப்போதைய மதிப்பில் நம் பணத்தில் ஏறத்தாழ 35 கோடி ரூபாய். காட்பாடியில் இறங்கும் எந்தக் குடும்பத்தால் அதைக் கொடுக்க முடியும் என்ற வினாவுக்கு இன்னும் விடை இல்லை.

பச்சாவத்துக்கு 1962ஆம் ஆண்டுக்கான சாந்தி சுவரூப் பட்நாகர் விருது வழங்கப்பட்டது. 1976இல் அவர் வேலூரை விட்டுப் பிறந்த ஊருக்கே திரும்பினார். பின்னாளில் இந்திய வேதி உயிரியல் நிறுவனம் என்று பெயர் பெற்ற கொல்கத்தா ஆய்வு நிறுவனத்தின் இயக்குநராக விளங்கினார். அதன்பின் தில்லிப் பல்கலைக்கழகத்தின் தென்வளாகத்தில் பேராசிரியரானார். 1990இல் பத்மபூஷண் விருது பெற்றார். விருதுகளின் பட்டியலை இத்துடன் நிறுத்திக்கொள்வோம். அவர் முதுமையில் செய்த ஒரு வேலை அதனினும் சுவையானது.

நரம்பைக் கெடுக்கும் கொழுப்பைப் பற்றி ஆராய்ந்த அவர், கொழுப்பை மருந்து சுமக்கும் கலமாக்க முயன்றார். ஆம்போடெரிசின் பி என்னும் மருந்து கடும் பூஞ்சைத் தொற்றையும் காலா அசார் காய்ச்சலையும் தீர்க்கவல்லது. ஆனால் சிறுநீரகத்தைப் புண்படுத்தும். அம்மருந்தை லிப்போசோம் எனப்படும் நுண்ணிய கொழுப்புக் குமிழிகளில் அடைத்துச் செலுத்தினால் தீங்கு குறைகிறது. இந்தக் குமிழி மருந்தை இந்திய நோயாளிகளுக்காக உருவாக்கும் வேலையில் அவருடைய தில்லி ஆய்வுக்கூடம் ஈடுபட்டது.

பிமல் குமார் பச்சாவத் 1996ஆம் ஆண்டு செப்டம்பர் 23ஆம் நாள் மறைந்தார். வேலூர் நரம்பு வேதியியல் ஆய்வுக்கூடத்தில் அவருடைய மாணவர் பாலசுப்பிரமணியன் ஆய்வைத் தொடர்ந்தார்.

அருஞ்சொற்பொருள்

நொதி – உடலில் வேதிமாற்றத்தை விரைவாக்கும் புரதம்
கண்ணேறு – பிறர் பார்வையால் தீங்கு நேரும் என்னும் நம்பிக்கை
மச்சை – எலும்பின் உள்ளே இருக்கும் மென்பகுதி
அகழி – கோட்டையைச் சுற்றியுள்ள நீர்நிலை

பயிற்சி

1. சல்பாடைடு குவிவதற்கு இருவகைக் காரணங்கள் இருக்கக்கூடும் எனப் பாடம் கூறுகிறது. அவை யாவை? எது உண்மையென ஆய்வாளர் எவ்வாறு கண்டனர்?

2. இரண்டு பைகளை எடுத்துக்கொள்க. ஒவ்வொன்றிலும் ஒரு வெள்ளைப் பாசிமணியும் ஒரு கருப்புப் பாசிமணியும் இடுக. பார்க்காமல் ஒவ்வொரு பையிலிருந்தும் ஒரு மணியை எடுத்து, நிறங்களைக் குறித்துக்கொண்டு, மீண்டும் பையில் இடுக. இவ்வாறு நாற்பது முறை செய்க. இரண்டும் கருப்பாக எத்தனை முறை வந்தது?

3. பிரித்து எழுதுக: நோயாளியாக, நரம்பிழை, அச்சேறின, நெடும்பெயர்.

4. உங்கள் தாயோ தந்தையோ பணிபுரியும் இடத்தில் ஒரு பொருள் எத்தனை கைகள் மாறி முழுமையடைகிறது எனக் கேட்டறிந்து, அங்கு வழங்கும் தொழிற்சொற்களோடு பத்து வரிகளில் எழுதுக. அச்சொல் கன்னடமாயினும் இந்தியாயினும் தமிழ் எழுத்திலேயே எழுதுக.